ஆர்சி கெர்னலுக்குத் தமிழ்ச்சொல்: ஞாயிறு இரவுக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

நண்பர்களுக்கு வணக்கம்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. இன்னும் இறுதியாக வெளிவராத லினக்ஸ் கெர்னலை (ஆங்கிலத்தில் 'ரிலீஸ் கேண்டிடேட்', சுருக்கமாக ஆர்சி) மேசைக் கணினியில் நிறுவித் தரும் ஒரு சிறு கருவியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திரையில் தோன்றும் வாக்கியங்கள், அதாவது சரங்கள், மொத்தம் 40. 39 முடிந்துவிட்டன. ஞாயிறு இரவோடு சரங்களைப் பூட்டிவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஒன்று இது:

"இது ஒரு ______. பழைய கெர்னல் அழிக்கப்படாது. தொடக்கப் பட்டியலில் இருக்கும். தொடரவா?"

கோடிட்ட இடத்தில் முதலில் 'வெளியீட்டு வேட்பாளர்' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் தேர்தல் தொடர்பான மென்பொருளா என்று கேட்டார்.

போன வாரம் நானே ஓர் ஆர்சியை என் கணினியில் ஏற்றினேன். கணினி தொடங்கியது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. வரைகலை அட்டையை இயக்கும் தனி நிரல்துண்டு (மாட்யூல்) புதிய கெர்னலுக்கு உருவாகவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் திரும்பிவிட்டது. பழையது அங்கே இருக்கிறது என்று தெரியாதவர் கணினியே போய்விட்டது என்று பயந்திருப்பார். பார்த்தவுடன் புரிகிற சொல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, 'வேட்பாளர்' ஆகாது. 'ஆளர்' உயர்திணைக்கு உரியது. கெர்னல் அஃறிணை. 'வேட்பாளர் நிறுவப்பட்டது' என்று திரையில் வந்தால் அது திணை வழு.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கெர்னலுக்கு எல்லாரும் எழுதும் 'கருனி'. கரு சரி. அந்த 'னி' எங்கிருந்து வந்தது? கணினியைப் பார்த்து ஒட்டியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலச் சொல்லே தானியத்தைக் குறிக்கும் 'கார்ன்' என்பதன் குறுமை வடிவம். சிறு மணி, வித்து என்று பொருள். நம்மிடம் 'காழ்' இருக்கிறது. விதைக்கும் பெயர், மரத்தின் உள்வயிரத்துக்கும் பெயர். தொல்காப்பிய மரபியல் 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்கிறது. வெளியே வன்மை உடையவை புல், உள்ளே வன்மை உடையவை மரம்.

இதை அப்படியே கணினிக்குக் கொண்டு வரலாம். கோப்பு முறைமை, சாதன இயக்கிகள் எல்லாம் உள்ளேயே இருக்கும் லினக்ஸ் அகக்காழ். அவற்றை வெளியே தனி நிரல்களாக வைக்கும் மைக்ரோகெர்னல் புறக்காழ். 1992இல் மைக்ரோகெர்னலை ஆதரித்த பேராசிரியர் டானன்பாமும் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸும் யூஸ்நெட் இணைய அரங்கத்தில் வாதிட்டது இந்த வேறுபாட்டைப் பற்றித்தானே! ஒரே சொல்லில் இரண்டு கட்டமைப்புக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது.

கணினி ஆசிரியை:

ஐயா, அகக்காழ் அழகாக இருக்கிறது. ஆனால் என் வகுப்பில் 'காழ்' என்று எழுதினால் பாதி மாணவர்கள் 'காழ்ப்பு' என்று படிப்பார்கள். மீதிப் பேர் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள். முன்பு, நாம் தரும் கட்டளையை வாங்கும் ஷெல்லுக்குப் 'புறணி', கெர்னலுக்கு 'அகணி' என்று நானே சொல்லிப் பார்த்தேன். பனைமட்டையின் உள்நார் அகணி, வெளிநார் புறணி. சோடி நன்றாகப் பொருந்தியது. ஆனால் மாணவர்கள் 'புறணி பேசுதல்' என்ற பொருளைத் தாண்டி வரவே இல்லை. கருனியில் 'னி' எப்படி வந்திருந்தாலும், தேடினால் கிடைக்கிறது, கட்டுரைகளில் வருகிறது. அதை இப்போது மாற்ற வேண்டாம். கேட்ட சொல் ஆர்சிக்கு, அதைப் பேசுவோம்.

நிரலாளர்:

ஆர்சி என்றால் என்ன என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பதிப்பு வெளிவந்ததும் சுமார் இரண்டு வாரம் புதிய வசதிகளைச் சேர்ப்பார்கள். அது முடிந்ததும் ஆர்சி 1. அதன் பிறகு பெரும்பாலும் ஞாயிறுதோறும் ஒன்று. ஆர்சி 7 அல்லது 8 வரை போகும், அப்புறம் இறுதிப் பதிப்பு. இந்த வாரங்களில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, பிழைகளைத் திருத்துவது மட்டும்தான். ஆனால் ஆர்சி 1இல் இரண்டு வாரச் சரக்கு முழுவதும் புத்தம் புதிதாக இருக்கும். அதை 'வெளியிடத் தகுந்தது' என்று யாரும் நினைப்பதில்லை. வேட்பாளர் என்ற பெயர் ஆங்கிலத்திலேயே சரியாகப் பொருந்தவில்லை. அதை ஏன் நாம் பெயர்க்க வேண்டும்?

முன்பு 2.5 போன்ற ஒற்றைப்படைத் தொடர்கள் வளர்ச்சிக்கும், 2.4, 2.6 போன்ற இரட்டைப்படைத் தொடர்கள் பயன்பாட்டுக்கும் இருந்தன. அந்த முறை இப்போது இல்லை. அதனால் 'வளர்நிலைக் கருனி' என்று போட்டால் பழைய ஆட்கள் குழம்புவார்கள்.

இன்னொன்று. நிறுவிய பிறகு, ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் 'யூநேம் -ஆர்' கட்டளை கொடுத்தால் பதிப்பெண்ணோடு 'ஆர்சி' என்ற எழுத்துகளும் திரையில் வரும். தமிழ்ச்சொல் எதுவானாலும் பக்கத்தில் ஆர்சி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று பயனருக்கு எப்படித் தெரியும்?

இலக்கிய மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதியதில்லை. 'போது' என்ற சொல்லைப் பார்க்கலாமா? மலரும் நிலையில் இருக்கும் மொட்டு. திருக்குறள் 1227: 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்'. அரும்பு, போது, மலர் என மூன்று நிலையும் ஒரே குறளில் வரிசையாக இருக்கின்றன. தொடக்கநிலைச் சோதனைப் பதிப்பான ஆல்ஃபா அரும்பு, ஆர்சி போது, இறுதிப் பதிப்பு மலர். ஆர்சி 3ஐப் 'போது 3' என்று சொல்லலாம்.

மொழிபெயர்ப்பாளர்:

படித்ததும் மனம் நிறைந்தது. உண்மையிலேயே இதைத்தான் போட ஆசை. ஆனால் சரத்தில் வைத்துப் பாருங்கள்: 'போது நிறுவும்போது கணினியை அணைக்காதீர்கள்'. பயனர் முதல் 'போது'வைத் தட்டச்சுப் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார். அதோடு, மலர் என்றால் கட்டாயம் மலரும் என்ற நம்பிக்கை வருகிறது. நான் சொல்ல நினைப்பது எச்சரிக்கை.

கணினி ஆசிரியை:

'வெள்ளோட்டம்'? தேரோ கப்பலோ, கட்டி முடித்ததை முதலில் ஓட்டிப் பார்ப்பது. வெள்ளோட்டம் என்றதும் எங்காவது தட்டும், நிற்கும் என்று யாருக்கும் விளக்காமலே தெரியும்.

நிரலாளர்:

முதலில் எனக்குத் தயக்கமாக இருந்தது. வெள்ளோட்டம் ஒரு தடவை நடப்பது, ஆர்சி ஏழெட்டுத் தடவை வருகிறது. யோசித்ததில் தயக்கம் போய்விட்டது. கட்டி முடித்த பிறகுதான் வெள்ளோட்டம் விடுவார்கள். புதிய வசதிகளைச் சேர்ப்பது நின்ற பிறகுதான் ஆர்சியும் வருகிறது. ஓட்டு, கோளாறைத் திருத்து, மறுபடி ஓட்டு. அப்படியே பொருந்துகிறது. 'முன்வெளியீடு' என்று பொதுவாகப் போடுவதைவிட இது மேல்.

இலக்கிய மாணவி:

ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் 'போது'வைக் கைவிட மனம் வரவில்லை. கருவியின் உதவிப் பக்கத்தில் எங்காவது ஒரு வரியில் இருந்தால் மகிழ்வேன்.

மொழிபெயர்ப்பாளர்:

நேரமாகிவிட்டது. மூன்று பேர் வெள்ளோட்டத்துக்குச் சரி சொல்லியிருக்கிறார்கள். ஏற்றிவிட்டேன்:

"இது ஆர்சி 3, வெள்ளோட்டக் கருனி. கணினி சரியாகத் தொடங்காமல் போகலாம். பழைய கருனி அழிக்கப்படாது. தொடக்கப் பட்டியலில் இருக்கும். தொடரவா?"

நடுவில் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். மூலத்தில் அது இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உதவிப் பக்கத்தில் குறளையும் சேர்த்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வெள்ளோட்டம் நல்ல சொல், வாழ்த்துகள். கருனியில் நான் உடன்படவில்லை. அந்த 'னி'க்கு யாராவது இலக்கணம் காட்டும்வரை என் எழுத்தில் காழ் என்றுதான் வரும்.

தம்பி, மற்ற 39 சரங்களில் 'மெர்ஜ் விண்டோ' வருகிறதா? 'இணைப்புச் சாளரம்' என்று போட்டிருந்தால் பயனர் திரையில் ஒரு சாளரத்தைத் தேடுவார். அங்கே 'விண்டோ' என்பது காலத்தைக் குறிக்கிறது, புதிய வசதிகளைச் சேர்க்கும் அந்த இரண்டு வாரத்தை. இன்னும் பூட்டவில்லை என்றால் சொல்லுங்கள், இரவு விழித்திருக்கிறேன்.