கவுண்டிக்கு கலெக்டர் கிடையாது: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன வாரம் ஊரிலிருந்து வந்து இறங்கிய தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரிதானே? இங்கே கலெக்டர் யாரு? தெருவிளக்கு எரியலைன்னா திங்கட்கிழமை மனு கொடுக்கணுமா?" சிரித்துவிட்டேன். ஆனால் முதல் இரண்டு வருஷம் நானும் ஏறக்குறைய அந்த நினைப்பில்தான் இருந்தேன். அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். லண்டனுக்கு வெளியே சர்ரே, கென்ட், எசெக்ஸ், ஹார்ட்ஃபர்ட்ஷயர் மாதிரியான கவுண்டிகளில் குடியேறுகிறவர்களுக்கு இது. லண்டன் பரோக்களின் அமைப்பு வேறு. ஸ்காட்லாந்து, வேல்ஸ் கதையும் வேறு.

கலெக்டர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள்தான் கவுண்டியை நடத்துகிறார்கள், சம்பளத்துக்கு இருக்கும் அதிகாரிகள் அவர்களுக்குக் கீழே. குழப்பம் என்னவென்றால் பெரும்பாலான இடங்களில் கவுன்சில் ஒன்றாக இருக்காது. மேலே கவுண்டி, கீழே பரோ அல்லது டிஸ்ட்ரிக்ட், சில இடங்களில் அதற்கும் கீழே பாரிஷ் என்ற ஊர் அளவிலான கவுன்சில். கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டுக்குக் கட்டும் உள்ளூர் வரி, அதன் பில்லை அனுப்புவது பரோ. பணத்தில் பெரும்பங்கு போவதோ கவுண்டிக்கு. பில்லைத் திருப்பிப் பார்த்தால் கவுண்டிக்கு இவ்வளவு, பரோவுக்கு இவ்வளவு, போலீசுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு அதை டிராயருக்குள் போட்டுவிடுகிறோம்.

நான் பட்டதைச் சொல்கிறேன். மகளின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலையில் ஒரு பள்ளம். மழை பெய்தால் குளம், கார் போனால் பிள்ளைகளின் யூனிஃபார்ம் எல்லாம் சேறு. பில் அனுப்புகிற கவுன்சிலுக்கு இரண்டு மாதம் விடாமல் மெயில் போட்டேன். ஊர்ப் பழக்கத்தில் "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். கடைசியில் இரண்டு வரியில் பதில் வந்தது: சாலை எங்கள் பொறுப்பில் இல்லை, கவுண்டியைக் கேளுங்கள். கவுண்டியின் இணையதளத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, போட்டோ ஒன்றை ஏற்றினேன். பத்து நாளில் தார் போட்டுவிட்டார்கள். சாலை, பள்ளிக்கூட இடம், நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டி. குப்பை எடுப்பது, வீட்டு வசதி, கட்டட அனுமதி, வாக்காளர் பட்டியல் எல்லாம் பரோ. எடுத்த குப்பையை என்ன செய்வது என்பது மறுபடி கவுண்டி! யாருடையது என்று தெரியாவிட்டால் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில் போடுங்கள், அதுவே சரியான கவுன்சிலுக்கு அனுப்பிவிடும்.

இந்தப் பிரிவும் மாறிக்கொண்டிருக்கிறது. சர்ரேயில் கவுண்டி கவுன்சிலையும் அதன் கீழுள்ள 11 பரோ, டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களையும் எடுத்துவிட்டு, 2027 ஏப்ரலிலிருந்து கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என இரண்டே கவுன்சில்கள் வைப்பது என்று 2025 அக்டோபரில் அரசு முடிவெடுத்தது. ஆகவே பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே நம்பாமல், அரசு இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டுப் பாருங்கள்.

இனி, பலருக்குத் தெரியாத விஷயம். ஓட்டுப் போடக் குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கும் காமன்வெல்த் குடிமக்கள் கவுன்சில் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம், நாடாளுமன்றத் தேர்தலிலும் போடலாம். மாணவர் விசா, வேலை விசா, அவர்களின் குடும்பத்தார் வரும் டிபென்டன்ட் விசா என்ற பேதம் கிடையாது. என்னோடு வேலை பார்க்கும் நேபாள நண்பர் எனக்கு முன்பே வந்தவர், அவருக்கு இது இல்லை. நேபாளம் காமன்வெல்த்தில் இல்லை. அவர் கேட்டு வருத்தப்படுகிற உரிமையை நாம் தெரியாமலே விட்டுவைத்திருக்கிறோம்.

பதிவு செய்வது அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. வேலைக்கும் வரிக்கும் கேட்கிற நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் முடித்துவிட வேண்டும். திறந்த பட்டியல் என்று ஒன்று கேட்பார்கள், அதில் வேண்டாம் என்று டிக் செய்யுங்கள். அதை யாரும் விலைக்கு வாங்கலாம், விளம்பரக் கடிதங்கள் வந்து குவியும். 2023 மே முதல் இங்கிலாந்துக் கவுன்சில் தேர்தல்களில் வாக்குச்சாவடியில் போட்டோ அடையாளம் காட்ட வேண்டும். நம்முடைய இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டே போதும். ஊர் டிரைவிங் லைசென்ஸ் செல்லாது.

பட்டியலில் பேர் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது. போன் கான்ட்ராக்ட், வாடகை வீடு என்று போகும்போது அந்தப் பட்டியலில்தான் முகவரியைச் சரிபார்க்கிறார்கள். பாதிப் பேர் இதற்காகவே பதிவு செய்கிறார்கள், அதுவும் சரிதான். நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்குக் கூப்பிடுவார்களே என்று பயப்படாதீர்கள். அதற்குக் குறைந்தது ஐந்து வருஷம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

"விசாவில் இருக்கிறோம், நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று ஒரு அக்கா கேட்டார். அவருக்கு வோக்கிங் கதையைச் சொன்னேன். சர்ரேயில் லட்சம் பேருக்குக் கொஞ்சம் மேல் வசிக்கும் ஊர் அது. நகர மையத்தில் உயர்ந்த கட்டடங்கள், ஹோட்டல் என்று பரோ கவுன்சில் கடன் வாங்கிக் கட்டியது. 2023 ஜூனில் கையை விரித்து 114-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்தது. ஒரு கவுன்சில் "என்னால் வரவு செலவைச் சமாளிக்க முடியவில்லை" என்று சொல்லும் அறிவிப்பு அது. துண்டு விழுந்தது 120 கோடி பவுண்டு. அந்த ஆண்டுக்கான அடிப்படை நிதியோ வெறும் 1.6 கோடி பவுண்டு. அப்புறம் சேவைகளை வெட்டினார்கள், மறு ஆண்டு பரோவின் வரிப்பங்கைக் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏற்றினார்கள். விசாவில் இருந்தவரும் அந்த வரியைக் கட்டினார்தானே?

கணக்கைப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் 30 வேலை நாட்கள் கவுன்சிலின் கணக்குப் புத்தகங்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்பது சட்டம். வாக்காளர் பட்டியலில் இருப்பவர் தணிக்கையாளரிடம் கேள்வி கேட்கலாம், ஆட்சேபமும் தெரிவிக்கலாம். அக்கவுன்டன்ட் வேலை பார்க்கும் நம் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவராவது போய்ப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், வீடியோ எடுக்கலாம். நிகழ்ச்சிநிரல் முன்கூட்டியே இணையத்தில் வந்துவிடும். முதல்முறை சும்மா போய்ப் பாருங்கள், கொட்டாவி வரும், பரவாயில்லை. கேள்வி கேட்க விரும்பினால் முன்பே எழுத்தில் அனுப்ப வேண்டும், அந்த விதி கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். பாரிஷ் இருக்கும் ஊர் என்றால், மார்ச் முதல் தேதிக்கும் ஜூன் முதல் தேதிக்கும் இடையில் வருஷாந்தரக் கூட்டம் ஒன்று நடக்கும். அது பாரிஷ் கவுன்சிலின் கூட்டம் இல்லை, அந்த ஊர் வாக்காளர்களின் கூட்டம். நம் கிராம சபையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பத்துப் பேர்தான் வந்திருப்பார்கள், அதனால் நீங்கள் பேசினால் கட்டாயம் காதில் விழும்.

பங்கெடுக்கச் சிறந்த இடம் எது என்றால் என் பதில் பள்ளிக்கூடம்தான். ஸ்கூல் கவர்னர் என்பது பள்ளியின் நிர்வாகக் குழு உறுப்பினர்; சம்பளமில்லாப் பொறுப்பு, வழக்கமாக நான்கு வருஷம். குடியுரிமை கேட்க மாட்டார்கள். என் மனைவி திருச்சியில் வங்கியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர், இங்கே வந்து வீட்டில் உட்கார்ந்து நொந்துபோயிருந்தார். பெற்றோர் கவர்னர் தேர்தல் என்று பள்ளியிலிருந்து மெயில் வந்தது. தயங்கித் தயங்கி மனு போட்டார். வேறு யாரும் நிற்கவில்லை! பட்ஜெட் தாளை முதல் கூட்டத்திலேயே பென்சிலோடு உட்கார்ந்து படித்தவர் அவர்தான் என்று தலைமை ஆசிரியர் என்னிடம் சொன்னார். பிறகு வேலைக்கு விண்ணப்பித்தபோது உள்ளூர் அனுபவம் என்று எழுத அதுதான் இருந்தது.

டிபென்டன்ட் விசாவில் வந்தவர்கள் வாக்குச்சாவடி வேலையையும் பாருங்கள். காலை 7 மணியிலிருந்து இரவு 10 வரை வாக்குப்பதிவு, நடுவில் வெளியே போக முடியாது, ஆனால் சம்பளம் உண்டு.

கவுன்சிலராக நிற்பது? அதற்கு மட்டும் ஐஎல்ஆர், அதாவது காலவரம்பில்லாமல் இங்கே தங்கும் அனுமதி, வேண்டும். அது வந்துவிட்டால் டெபாசிட் கிடையாது, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும்.

பக்கத்து வீட்டில் மாடி எழுப்ப அனுமதி கேட்டால் விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் கட்டியிருப்பார்கள். கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள். "என் வீட்டு விலை குறையும்" என்று எழுதினால் எடுபடாது. வெளிச்சம் மறையும், ஜன்னல் நேராக நம் படுக்கையறையைப் பார்க்கும், வண்டி நிறுத்த இடமில்லை என்று எழுதுங்கள். தமிழ்ப் பள்ளிக்கோ கோயிலுக்கோ பழைய கட்டடம் எடுக்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தக் கட்டடத்தின் பயன்பாட்டு அனுமதியைப் பரோவிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தனியாக இருப்பவருக்குக் கவுன்சில் டாக்ஸில் 25 சதவீதத் தள்ளுபடி உண்டு, விசாவில் இருந்தாலும் வாங்கலாம். ஆனால் வருமானம் குறைவு என்று கேட்கும் கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன் வேறு. "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்", அதாவது அரசின் உதவிகளை வாங்கக் கூடாது, என்று விசாவில் போட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். இரண்டுக்கும் பேர் ஒரே மாதிரி இருப்பதால் படிவத்தை இரண்டு தடவை படியுங்கள்.

அப்புறம், வீடு மாறினால் பட்டியலில் பேர் தானாக மாறாது. சாவி வாங்கிய வாரமே புது முகவரியில் மறுபடி பதிவு செய்யுங்கள்.