ஒரே ஐபி, இரண்டு நேம்ஸ்பேஸ்: எதைச் சாவியாக வைப்பது?

வணக்கம். காட்பாடியில் உள்ள ஒரு லினக்ஸ் சர்வரிலிருந்து ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகள் இரண்டின் நெட்வொர்க்கையும் கவனிக்கிறேன். இரண்டிலும் ஒரே ஐபி முகவரி வரம்பு, 192.168.1.0/24 தான். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டாக்கர் கண்டெய்னர் (நிரலை மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் பெட்டி மாதிரி), தனித்தனி நேம்ஸ்பேஸ் (லினக்ஸ் பிரித்துத் தரும் தனி நெட்வொர்க் சூழல்). பதிவுகளில் வரும் முகவரியைப் பிரித்து, அது எந்த நேம்ஸ்பேஸ் என்று என் பைத்தான் நிரல் சொல்ல வேண்டும். 192.168.1.20 இரண்டு இடத்திலும் இருக்கிறது. முகவரியை மட்டும் சாவியாக, அதாவது தகவலைத் தேடி எடுக்கும் அடையாளமாக வைத்தால், பின்னால் வாசித்தது முன்னதை அழித்துவிடுகிறது. போன செவ்வாய், பேரணாம்பட்டில் கழிவுநீர் பம்ப் நின்றதற்கு ராணிப்பேட்டைக்காரரை ராத்திரி 2 மணிக்கு எழுப்பிவிட்டேன். வயதானவர், பாவம். இனி அப்படி நடக்கக் கூடாது.

உபுண்டு 22.04, கெர்னல் 5.15, பைத்தான் 3.10. 9 நாளாகப் போராடுகிறேன். நேம்ஸ்பேஸ் பெயர்களைப் பட்டியலிடும் 'ஐபி நெட்என்எஸ் லிஸ்ட்' கட்டளை காலியாக வருகிறது. டாக்கர் தன் நேம்ஸ்பேஸ்களுக்கு அங்கே பெயர் பதிவதில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. 'எல்எஸ்என்எஸ்' கட்டளை காட்டும் ஐனோட் எண்ணை (ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் கெர்னல் தரும் எண்) முகவரியோடு சேர்த்துச் சாவியாக்கினேன். சரியாக ஓடியது. ஆனால் கண்டெய்னரை மறுபடி தொடங்கினால் எண் மாறிவிடுகிறது, பழைய பதிவுகள் எதோடும் பொருந்துவதில்லை. முகவரிகளை மாற்றச் சொல்லியும் பார்த்தேன். இயந்திரங்களிலேயே பதிந்திருக்கிறது, முடியாது என்கிறார்கள்.

மறுதொடக்கத்துக்குப் பிறகும் மாறாத, முகவரியோடு சேர்த்து வைக்கக்கூடிய நேம்ஸ்பேஸ் அடையாளமாக எதைப் பயன்படுத்துகிறீர்கள்?