சாஃப்ட்னர் மாட்டியும் டிடிஎஸ் குறையலைங்க, ரெசின்ல கோளாறா?

தோட்டத்துவீடு, காங்கயம்:
வணக்கமுங்க. எங்க போர் தண்ணி கடும் உப்பு. ஹீட்டர் காயில் தாங்க மாட்டேங்குது, சோப்பு நுரையே வராது, குழாய் வாயெல்லாம் வெள்ளையா படிஞ்சு கெடக்குது. போன மாசம் தண்ணியோட கடினத்தை எடுக்கற சாஃப்ட்னர் போட்டோம், அதுக்குள்ள 25 லிட்டர் ரெசின். கரைஞ்ச உப்போட அளவைக் காட்டற டிடிஎஸ் மீட்டரை வெச்சுப் பாத்தா உள்ள போறது 1450, வெளிய வர்றது 1430. ரெசின் போலியாங்க? மாட்டுனவரைக் கேட்டா "அப்படித்தானுங்க இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

இன்னொண்ணுங்க. பதினொண்ணாவது படிக்கிற எம்பொண்ணு கேக்கறா: "கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடுதுங்கறாங்க. சோடியம் தண்ணியில பட்டா தீப்பிடிக்கும்னு புக்குல இருக்குதே?" இதுக்கும் யாராச்சும் பதில் சொல்லுங்க.

வேதியியல் ஆசிரியர், ஈரோடு:
டிடிஎஸ் மீட்டரை வெச்சு சாஃப்ட்னரைச் சோதிக்க முடியாதுங்க. தண்ணியில கரண்ட் எவ்வளவு கடக்குதுன்னுதான் அந்த மீட்டர் பாக்குது. எந்த உப்புன்னு அதுக்குத் தெரியாது. சாஃப்ட்னர் உப்பைக் குறைக்கறதில்லை, மாத்தி விடுது.

ரெசின்ங்கறது பாலிஸ்டைரீன் மணிகள். அதுல சல்போனேட் தொகுதிகள் சகப்பிணைப்புல இறுகியிருக்கு, அது கழண்டு வராது. அந்தத் தொகுதிக்கு எதிர்மின்சுமை. அதுகிட்ட சோடியம் அயனி, அதாவது எலக்ட்ரானை இழந்து நேர்மின்சுமை ஏறின சோடியம், வெறும் மின்கவர்ச்சியில ஒட்டியிருக்கு. இரட்டைச் சுமை உள்ள கால்சியம் வந்தா ரெசின் அதைத்தான் இறுக்கிப் பிடிக்கும், ஒரு கால்சியத்துக்கு ரெண்டு சோடியத்தை விட்டுடும்.

ஏன் ரெண்டு? பாப்பாவுக்கு இதைக் காட்டுங்க. சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. முதல் எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும். அடுத்தது நிரம்பின கூட்டுல இருக்கறதால 4562 வேணும். கால்சியம் 2, 8, 8, 2. அதுக்கு முதல் எலக்ட்ரான் 590, ரெண்டாவது 1145, மூணாவது ஒரேயடியா 4912. அதனாலதான் தனிம அட்டவணையில சோடியம் இருக்கற முதல் தொகுதி ஒண்ணோட நிக்குது, கால்சியமும் மெக்னீசியமும் இருக்கற ரெண்டாம் தொகுதி ரெண்டோட நிக்குது.

இப்ப எடையைப் பாருங்க. கால்சியத்தின் அணுநிறை 40, ரெண்டு சோடியம் சேந்து 46. லிட்டருக்கு 240 மில்லிகிராம் கால்சியம் வெளியேறினா 276 மில்லிகிராம் சோடியம் வரும். கரைஞ்ச உப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யுது! கரண்ட் கடத்தறதுல கால்சியம் சித்த கூடுதல்ங்கறதால மீட்டர் மட்டும் இறங்கின மாதிரி காட்டும். உங்க 1430 சரியான அளவுதான். டிடிஎஸ்ஸே குறையணும்னா சவ்வு வழியா உப்பை வடிகட்டற ஆர்.ஓ. வேணும்.

பாப்பா கேட்டது அருமையான கேள்வி. தீப்பிடிக்கறது சோடியம் உலோகம். 11 புரோட்டான், 11 எலக்ட்ரான், அந்தக் கடைசி ஒண்ணைத் தண்ணிக்குக் கொடுக்கும்போது ஹைட்ரஜனும் வெப்பமும் கிளம்புது. கல்லுப்புலயும் ரெசின்லயும் இருக்கறது ஏற்கெனவே அதைக் கொடுத்து முடிச்ச அயனி. 11 புரோட்டான், 10 எலக்ட்ரான், நியானோட அதே அடுக்கு. தண்ணிகிட்ட கொடுக்கறதுக்கு அதுகிட்ட ஒண்ணுமில்லை.

சாயப்பட்டறை, திருப்பூர்:
வாத்தியார் சொல்றது எங்க தொழில்ல தெனமும் கண்ணால பாக்கறதுங்க. ரியாக்டிவ் சாயம் போடறப்ப துணியில சாயம் ஏறட்டும்னு நாங்களே லிட்டருக்கு ஐம்பது அறுபது கிராம் உப்பு கொட்டறோம். சோடியத்தால ஒரு தொல்லையும் இல்லை. அதே தண்ணியில கால்சியம் இருந்தா சாயம் திரிஞ்சு திட்டுத்திட்டா விழுகும்.

நீங்க தண்ணியில கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவுன்னு பாக்கற ஹார்ட்னஸ் கிட் வாங்கிக்குங்க. சொட்டு சொட்டா விடணும், ரோஸ் நீலமா மாறினா முடிஞ்சது. உள்ள போற தண்ணி, வெளிய வர்ற தண்ணி ரெண்டையும் பாருங்க. முக்கியமா காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம்.

தோட்டத்துவீடு, காங்கயம்:
பாத்துட்டனுங்க. கிட்டுல ஒரு சொட்டுக்கு 20 கணக்கு. போர் தண்ணி 30 சொட்டு, அப்ப கடினம் லிட்டருக்கு 600 மில்லிகிராம். சாஃப்ட்னர் தண்ணி, ரெசின் மறுபடி வேலை செய்யறதுக்காக அதை உப்புவிட்டு கழுவின மக்கா நாள் காலையில முதல் சொட்டுலயே நீலம். மூணாம் நாள் சாயங்காலம் 14 சொட்டு ஆகுதுங்க. டைமர்ல மூணு நாளைக்கு ஒருக்கா கழுவற மாதிரி வெச்சிருக்கு. வீடு, மாடு எல்லாம் சேத்து நாளைக்கு ஆயிரம் லிட்டர் ஓடும்.

வேதியியல் ஆசிரியர், ஈரோடு:
அப்ப ரெசின் நல்ல ரெசின், டைமர்தான் தப்பு. இந்த வகை ரெசின் ஒரு லிட்டர், நடைமுறையில சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும், கால்சியம் கார்பனேட் கணக்குல. 25 லிட்டருக்கு 1250 கிராம். உங்க தண்ணியில லிட்டருக்கு 0.6 கிராம். வகுத்தா ஏறக்குறைய 2080 லிட்டர். ரெண்டு நாள்ல நிரம்பிடுது, மூணாம் நாள் கால்சியம் அப்படியே கடந்து வருது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வையுங்க.

ரெசின் கால்சியத்தைத்தான் விரும்புதுன்னா உப்புவிட்டா எப்படி விடுதுன்னு பாப்பா அடுத்துக் கேப்பா. பத்து சதவீத உப்புக்கரைசல்ல சோடியம் அவ்வளவு நெருக்கமா இருக்கறதால அந்த விருப்பம் தோத்துப்போகுது. அதனால கழுவற உப்பைக் குறைக்காதீங்க. ரெசின் லிட்டருக்கு 100 முதல் 150 கிராம், உங்களுக்குக் கிட்டத்தட்ட மூணு கிலோ. கரைசல் மெதுவா இறங்கணும்.

தோட்டத்துவீடு, காங்கயம்:
மாத்திட்டனுங்க, ரொம்ப நன்றி. கழுவி வர்ற உப்புத்தண்ணியைத் தென்னைக்கு விடலாமுங்களா?

சாயப்பட்டறை, திருப்பூர்:
வேண்டாமுங்க! கழிவுல உப்பு அளவுக்கு மீறி இருக்கும். சாஃப்ட்னர்ல வந்த தண்ணியையும் தோட்டத்துக்கு விடாதீங்க. களிமண்ணைப் பொலபொலன்னு வெச்சிருக்கறது கால்சியம். சோடியம் ஏறினா மண்ணு கெட்டியாகி தண்ணி இறங்காது. தென்னைக்கும் சோளத்தட்டுக்கும் போர் லைனை சாஃப்ட்னருக்கு முன்னாடியே பிரிச்சு விட்டுடுங்க. சமையலறைக் குழாய்க்கும் தனி லைன் போட்டு ஆர்.ஓ. வையுங்க. வீட்டுல ரத்தக்கொதிப்பு உள்ளவங்க இருந்தா சாஃப்ட்னர் தண்ணி குடிக்கக் கூடாது. குளிக்க, துவைக்க, ஹீட்டருக்கு மட்டும் அது போதும்.