பொருள்: திரை ஒளிர்கிறது, தொட்டால் உணர்வில்லை. இதற்கு என்ன சொல்?

கிளிநொச்சி, மோட்டார் பொறிமுறைப் போதனாசிரியர்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டிய செய்முறைக் கைநூலில் ஒரு பக்கம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. மின்காரின் நடுவில் இருக்கும் தொடுதிரைக் கணினி பழுதானால் எதை முதலில் பார்ப்பது என்ற பக்கம்.

போன கிழமை, ஜப்பானிலிருந்து வந்த பழைய மின்கார் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. நாலு பிள்ளைகளிடம் பழுது அட்டையைக் கொடுத்து எழுதச் சொன்னேன். ஒருவர் 'ஸ்கிறீன் செத்துப்போச்சு' என்றார். இன்னொருவர் 'ஹாங்'. மூன்றாமவர் 'திரை இயங்கவில்லை'. கடைசிப் பிள்ளை 'திரை விறைச்சுப்போச்சு' என்று எழுதினாள். 'செத்துப்போச்சு' அட்டையைப் பார்த்த மாலை வகுப்புப் பிள்ளைகள் டாஷ்போர்டைக் கழற்றித் திரையையே வெளியில் எடுத்துவிட்டார்கள். ஒரு முழுப் பின்னேரம் போனது, இரண்டு கிளிப்பும் உடைந்தன. கடைசியில் பார்த்தால் பொனற்றுக்கு அடியிலிருக்கும் 12 வோல்ற் பற்றரி 11.6 தான் காட்டியது. நல்ல பற்றரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும். காரை ஓட்டுகிற பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் திரைக்கும் கணினிக்கும் உயிர் கொடுப்பது அந்தச் சின்னப் பற்றரிதான்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தபிறகு ஏ9 வீதியில் புது மின்கார்களும் ஓடுகின்றன. அவற்றில் ஏசி, கமரா எல்லாமே திரைக்குள்தான். திரை இருட்டாகப் போவது, ஒளிர்ந்தும் தொட்டால் கேளாதது, யாரும் தொடாமலே தானாக அமுங்குவது: இந்த மூன்றுக்கும் பிள்ளைகள் மாறாமல் எழுதக்கூடிய சொற்கள் வேண்டும். முதலாவதற்கு 'இருட்திரை' போதும் என்று நினைக்கிறேன். மற்ற இரண்டுக்கும் உதவுங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்பு நண்பருக்கு, நல்ல வேலை செய்கிறீர்கள். தொடுதலை உணர்வது ஐம்புலன்களில் ஒன்று. அதற்குப் பழைய பெயர் ஊறு. 'சுவையொளி ஊறோசை நாற்றம்' என்று குறள் வரிசைப்படுத்துகிறது. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு உயிரை 'உற்றறிவது' என்கிறது. உறுதலே அறிவின் முதற்படி. ஆகவே தொட்டும் அறியாத திரையின் பழுதை 'ஊறிழப்பு' என்று சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. தொடு என்ற வினைக்குத் தோண்டுதல் என்றும் பொருள் உண்டு. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்பதில் தொடுதலும் ஊறுதலும் அடுத்தடுத்து நிற்கின்றன. தோண்டத் தோண்ட நீர் ஊறுகிறது, தொடத் தொடப் புலன் ஊறுகிறது. நீர் ஊறுவதும் தொட்டறியும் ஊறும் வேரில் வேறாக இருந்தாலும் ஒலியில் ஒன்றாகவே நிற்கின்றன. தொடுதிரை என்ற வினைத்தொகையை முதலில் ஆக்கியவர் இதை எண்ணியிருக்க மாட்டார். ஆனால் மொழி எண்ணியிருக்கிறது.

வவுனியா, ஓய்வுபெற்ற அரச மொழிபெயர்ப்பாளர்

ஐயா, வணக்கம். ஊறு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் ஊறு என்றால் கேடு, காயம் என்றுதான் எடுப்பார்கள். 'ஊறு விளைவித்தல்' என்று பத்திரிகையில் தினமும் படிக்கிறார்கள். ஊறிழப்பு என்று எழுதினால் கேடு நீங்கியது என்று விளங்கும். பழுதுக்கு வைத்த பெயர் சுகமானதைச் சொல்லக் கூடாது.

முப்பது வருடம் இந்த வேலை செய்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், சொல் வேரில் சரியாக இருப்பது பாதி வேலைதான். இங்கே கணனி என்று எழுதிப் பழகிய தலைமுறையை கணினிக்கு மாற்ற எத்தனை வருடம் பிடித்தது! இன்னும் கடைப் பலகைகளில் கணனிதான். கொள்ளளவி என்று இங்கே படித்த பிள்ளை மின்தேக்கி என்ற தமிழ்நாட்டுப் புத்தகத்தைத் திறந்து திகைக்கிறது. இரண்டு கரையும் ஏற்கும் சொல் கிடைத்தால் நல்லது.

என் முன்மொழிவு 'தொடுமரப்பு'. கை மரத்துப்போனால் கை இருக்கும், நிறமும் மாறாது, தொட்டால் மட்டும் தெரியாது. திரைக்கும் அதுதான் நடக்கிறது.

கோவை, மென்பொருள் பொறியாளர்

அம்மாவின் மரப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே கவலை, விடைத்தாளில் ஒரு புள்ளியெழுத்து விழுந்தால் 'தொடுமரபு' ஆகிவிடும்.

ஒரு தகவல், கைநூலுக்கு உதவலாம். 2021 பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் கண்ணாடி இல்லை, உள்ளே இருந்த 8 கிகாபைட் ஃபிளாஷ் நினைவகம். அந்த வகைச் சில்லின் (சிப்) ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 3,000 முறை எழுதி அழிப்பதைத்தான் தாங்கும். கார் நாள் முழுக்கத் தன் பதிவேட்டை எழுதிக்கொண்டே இருந்ததால் ஐந்தாறு வருடத்தில் அது தீர்ந்துபோகும் நிலை. தீர்ந்தால் திரை போகும், பின்பக்கக் கேமரா போகும், கண்ணாடியின் பனியை நீக்கும் கட்டுப்பாடும் போகும். இதற்கு 'நினைவகத் தேய்வு' என்று வைக்கலாம். டயர் தேயும், செருப்பு தேயும், சில்லும் தேயும்.

தானாக அமுங்குவதற்கு ஆங்கிலத்தில் பேயைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். நாமும் 'பேய்த்தொடுகை' என்று சொன்னால் உடனே புரியும். கேளாமல் நிற்பதற்கு 'உறைவு' போதாதா?

மதுரை

பேய்த்தொடுகையை நான் வரவேற்கிறேன், அது இரவல் என்பதால் அல்ல. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்கரும்பு என்று நம் செடிகொடிகளைப் பாருங்கள். உருவம் ஒன்று, பயன் வேறு என்பதற்குத் தமிழ் வைத்த அடைமொழி அது. தொடுகை போலத் தெரிந்து தொடுகை அல்லாதது பேய்த்தொடுகை. ஊறிழப்பையும் நான் விடவில்லை.

வவுனியா

தேய்வுக்கு என் முழு ஒப்புதல். உறைவு பற்றித் தம்பி கேட்டதற்கு: உறைபனி காணாத வன்னியில் உறைவது தயிரும் இரத்தமும்தான். உறைந்தால் முழுவதும் உறையும். தொடு உணர்வு மட்டும் போவதை அது சொல்லாது.

புதுக்குடியிருப்பு, வாகன மின்திருத்துநர்

எல்லோருக்கும் வணக்கம். நான் எழுதப் பழகாதவன், வாசிக்கிறவன். இது என் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

வவுனியா அம்மா சொன்னது சரி, தொடு உணர்வு போவதும் முழுவதும் உறைவதும் வேறு வேறு பழுது. நான் முதலில் திரையின் மூலையில் இருக்கிற மணிக்கூட்டைத்தான் பார்ப்பேன். இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். நிமிடம் மாறினால் கணினி உயிரோடு இருக்கிறது. ஸ்ரியறிங்கில் சத்தம் கூட்டும் பொத்தானை அமத்தினால் அதுவும் கேட்கும். அப்போது பழுது பெரும்பாலும் கண்ணாடிக்குள் இருக்கும் தொடுபடலத்தில், இல்லாவிட்டால் அதன் நாடாக் கம்பியில். நிமிடம் மாறாமல் நின்றால் நின்றது கணினி. கண்ணாடியில் கை வைக்கவே தேவையில்லை. பற்றரி பார், மீளத் தொடக்கிப் பார். முந்தினது விறைப்பு, பிந்தினது உறைவு. இரண்டு சொல்லும் எங்களுக்கு வேண்டும்.

மரப்பு என்று இங்கே ஒருவரும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்பதும் 'கை கால் விறைப்பு இருக்கா' என்றுதான். அந்தப் பிள்ளை அட்டையில் எழுதியதும் அதுவே.

பேய்த்தொடுகை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, 2009 இல் போனது. இன்றைக்கும் இரவில் அந்தக் காலின் பெருவிரல் கடிக்கும். சொறியக் கை போகும், போன இடத்தில் பாய்தான் இருக்கும். திரையில் தானாக அமுங்குவதும் அப்படித்தான். கண்ணாடிக்குள் ஈரம் போனாலோ, வெயிலில் பசை இளகிப் படலம் கிளம்பினாலோ, விரல் இல்லாத இடத்தில் விரல் இருப்பதாக அது உணர்கிறது. அதைப் பேய் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கம் இப்படிக் கால் கடிக்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களின் பிள்ளைகள்தான் சேரின் வகுப்பில் படிக்கிறார்கள். வெறுங்கை, வெறுங்கால் என்று சொல்கிற மாதிரி 'வெறுந்தொடுகை' என்றால் பிழையா? இலக்கணம் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா

பிழையே இல்லை, தம்பி. வெறுமையும் தொடுகையும் சேரும்போது மை கெட்டு, தகரத்துக்கு இனமான நகரம் மிகும். பெருந்தேர், கருந்துளை மாதிரி. விரல் இல்லாத தொடுகை என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நான் மரப்பை விட்டு உங்கள் விறைப்புக்கே வருகிறேன்.

கோவை

பேய்த்தொடுகையைத் திரும்பப் பெறுகிறேன், அண்ணா. நான் இப்படி யோசித்ததே இல்லை. விறைப்பில் மட்டும் எனக்குத் தயக்கம். இங்கே அந்தச் சொல்லுக்கு மருத்துவ விளம்பரங்களில் வேறு பொருள். தமிழ்நாட்டு வகுப்பறையில் ஆசிரியர் சங்கடப்படுவார். எங்கள் பக்கத்துக்கு மரப்பே இருக்கட்டும்.

மதுரை

வெறுந்தொடுகைக்கு முன் பேய்த்தொடுகை நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தம்பிக்கு என் வணக்கம். ஆனால் விறைப்பும் மரப்பும் உடலின் நோய்ப் பெயர்கள், புலனின் பெயர் அல்ல. புலனுக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்க, அதன் பொருள் தேய்ந்துவிட்டது என்று நாமே விட்டுக்கொடுத்தால் அதை எடுத்து வழங்கப்போவது யார்? ஊறிழப்பு என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். என் கருத்தைப் பதிவில் வையுங்கள்.

கிளிநொச்சி

எல்லோருக்கும் நன்றி. அண்ணையின் கடிதத்தை வாசித்தபிறகு அந்த நாலு அட்டைகளையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'விறைச்சுப்போச்சு' என்று எழுதிய பிள்ளை, கீழே ஓரத்தில் பென்சிலால் 'மணி 8.42, அப்படியே நிக்குது' என்று குறித்திருக்கிறாள். சொல் தவறினாலும் பார்த்தது சரி. பற்றரிப் பழுதை அவள் அன்றைக்கே பிடித்திருக்கிறாள், நான்தான் ஓரத்தை வாசிக்கவில்லை. பழுது அட்டையில் 'மணிக்கூடு ஓடுகிறதா?' என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன்.

நேற்றிரவு வரை பதில் எழுதியவர்களில் விறைப்புக்கு ஐந்து பேர், மரப்புக்கு மூன்று, ஊறிழப்புக்கு ஐயா ஒருவர். அச்சுக்குப் போவது: இருட்திரை, கணினி உறைவு, தொடுவிறைப்பு, வெறுந்தொடுகை, நினைவகத் தேய்வு. தொடுவிறைப்புக்குப் பக்கத்தில் 'தொடுமரப்பு என்றும் வழங்கும்' என்று ஒரு வரி போடுகிறேன். ஊறிழப்புக்கு இந்தப் பதிப்பில் இடமில்லை ஐயா, பக்கம் நிறைந்துவிட்டது. இரண்டாம் பதிப்பு வந்தால் திரும்பக் கேட்பேன்.

மதுரை

கேளுங்கள். காத்திருக்கிறேன்.