பிளட் மார்க்கருக்குத் தமிழ், வெள்ளிக்கிழமைக்குள்

காரைக்குடி, கால்நடை மருத்துவர்:

எல்லோருக்கும் வணக்கம். பூனைகளுக்கு வரும் சிறுநீரக நோய் பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதுகிறேன், அச்சகத்துக்காரர் வெள்ளிக்கிழமைக்கு மேல் பொறுக்க மாட்டார். 'பிளட் மார்க்கர்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன், ரத்தத்தில் ஒரு பொருளின் அளவைப் பார்த்து நோயைக் கணிக்கிறோமே, அந்தப் பொருள். போன வாரம் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி தன் பெர்சியன் பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். வளவில் வைத்த சட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி சட்டியருகே வந்து நிற்கிறதாம். ரத்தச் சோதனைச் சீட்டில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, 2.4 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்). "மார்க்கர் கூடியிருக்கு ஆச்சி" என்றேன். "பேனாவா டாக்டர்?" என்று கேட்டார். அதனால்தான் இந்த மடல்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டாக்டரம்மா, முதலில் 'பிளட்' குருதி ஆகட்டும், மார்க்கரை அப்புறம் பார்ப்போம். 'குருதிச்சுட்டி' எப்படி? அ, இ, உ சுட்டெழுத்து என்று குழந்தைக்கும் தெரியும், சுட்டுவதுதானே இதன் வேலை. சிறுநீரகத்துக்கும் குண்டிக்காய் என்ற நல்ல சொல் நம்மிடம் உண்டு, கறிக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

புதுவயல், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, கணினி எலிக்குச் சுட்டி என்று பேர் வைத்தாயிற்று. பூனைக்கான தாளில் சுட்டி என்றால் எலியைக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். நெற்றிச்சுட்டி வேறு இருக்கிறது. 'நோய்காட்டி' போடுங்கள், திசைகாட்டி மாதிரி சட்டென்று புரியும். துண்டறிக்கையில் பூனை வகைப் பட்டியலையும் நானே முடித்துவிட்டேன்: பாரசீகப் பூனை, சயாம் பூனை, பர்மாப் பூனை.

காரைக்குடி:

பர்மாவில் நிறுத்துங்கள் அண்ணே! பிர்மன் வேறு, பர்மீஸ் வேறு. பிர்மன் பிரான்சில் வளர்த்தெடுத்த இனம், பேர் மட்டும் பர்மாவுடையது. இரண்டையும் பர்மாப் பூனை என்று எழுதினால் வம்பு, ஏனென்றால் நோயே இல்லாத பிர்மனுக்கும் கிரியாட்டினின் இயல்பாகவே சற்று அதிகம் இருக்கும். நோய்காட்டி வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். நல்ல பூனையை நோயாளி என்று காட்டிக்கொடுத்துவிடும். பெர்சியன் கதை வேறு, அதற்கு பிகேடி1 என்ற மரபணுவின் கோளாறால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரலாம், பெற்றவற்றில் ஒன்றிடம் அந்தக் கோளாறு இருந்தாலே குட்டிக்கு இறங்கலாம்.

புதுவயல்:

நம் ஊரில் பர்மா என்றாலே தேக்குதான், கை தானாக எழுதிவிட்டது. மன்னிக்கவும்.

தேவகோட்டை:

வம்பு வேரில் இருக்கிறது. 1832-இல் செவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலார் இறைச்சியிலிருந்து கிரியாட்டினைப் பிரித்து, ஊனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பேர் வைத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் கிரியாட்டினின். ஆகவே 'ஊனியம்' என்கிறேன். பூனைக்கும் பழம்பெயர் உண்டு. காட்டுப்பூனையை வெருகு என்று சொல்லி, அதன் இளமைப் பெயர் குட்டி என்று தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது, அணிலையும் எலியையும் கூடவே வைத்து. வீட்டில் திரிவதைப் பூசை என்பார்கள்...

காரைக்குடி, ஆய்வகப் பணியாளர்:

ஐயா, நான் தினமும் சீட்டு அடிக்கிறவன். எங்கள் சீட்டில் கிரியாட்டினின் என்றுதான் வரும். துண்டறிக்கையில் ஊனியம் என்று இருந்தால் ஆச்சி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எதைத் தேடுவார்? அப்புறம் கிரியாட்டினின் போலவே சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் பார்க்கிற எஸ்டிஎம்ஏ-வில் (சிமெட்ரிக் டைமெத்தில்ஆர்ஜினின்) முதல் எழுத்துக்குச் 'சமச்சீர்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள், பள்ளிப் பாடத்திட்டம் என்று நினைப்பார்கள்.

காரைக்குடி, கால்நடை மருத்துவர்:

ஆனால் ஊனியத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, வயதாகி ஒட்டிப்போன பூனைக்கு நோய் இருந்தும் குறைவாகவே காட்டும். பொதுவாகச் சிறுநீரகத்தின் வேலையில் முக்கால் பங்கு போன பிறகுதான் அது எட்டிப் பார்க்கும். எஸ்டிஎம்ஏ சராசரியாக 40 சதவீதம் போனதுமே ஏறும், தசையைப் பார்க்காது. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பொதுச்சொல் வேண்டும். 'ரத்தக் குறிப்பான்' போடட்டுமா? குறிப்புத்தான் தரும், தீர்ப்புச் சொல்லாது.

தேவகோட்டை:

குறிப்பான் என்றால் பேரேட்டில் குறித்துவைக்கிற கணக்குப்பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆன் விகுதி ஆண்பாலுக்கு உரியது.

புதுவயல்:

பள்ளிக்கூடத்தில் ரப்பரை அழிப்பான் என்று எழுதுகிறோமே, அது ஆம்பிளையா?

காரைக்குடி, ஆய்வகப் பணியாளர்:

குறிப்பானுக்கு என் கை. ரத்தமாகவே இருக்கட்டும்.

காரைக்குடி, கால்நடை மருத்துவர்:

சரி, மூன்றுக்கு ஒன்று. 'ரத்தக் குறிப்பான்' என்று அனுப்பிவிட்டேன், கிரியாட்டினின் கிரியாட்டினினாகவே இருக்கிறது. பிர்மனைப் பிர்மன் என்றே விட்டேன்.

தேவகோட்டை:

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த அச்சில் ஊனியத்துக்கு இடம் வேண்டும். அது கிடக்கட்டும், நாலு நாளாக ஒருவரும் கேட்கவில்லை, ஆச்சியின் பூனை எப்படி இருக்கிறது?

காரைக்குடி, கால்நடை மருத்துவர்:

2.4 இரண்டாம் நிலைதான் ஐயா, சிறுநீரக நோயை நிலை நிலையாகப் பிரிக்கும் ஐரிஸ் என்ற பன்னாட்டு மருத்துவர் குழுவின் அட்டவணையில் அது 1.6 முதல் 2.8 வரை. பாஸ்பரஸ் குறைந்த தீனிக்கு மாற்றியிருக்கிறோம். கருவாட்டை நிறுத்தச் சொன்னதில் ஆச்சி என்னோடு பேசுவதில்லை, பூனையும்தான்.