முதல் ஐபோன் அன்றாடக் கைப்பேசியாக உழைத்ததா?

விசைமணி எழுதியது:

2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்த முதல் ஐபோனைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், அது கைப்பேசி உலகையே புரட்டிப் போட்டது என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. புரட்டிப் போட்டதா இல்லையா என்பது என் கேள்வி அன்று. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பிய ஒருவருக்கு, இரவு வீடு திரும்பும்வரை அது ஒரு கைப்பேசியாக உழைத்ததா என்பதே என் கேள்வி. பின்னால் வந்த மாதிரிகள் சம்பாதித்த நற்பெயரை முதல் மாதிரியின் கணக்கில் வரவு வைக்காமல், பெட்டியிலிருந்து வெளியே வந்த நிலையிலேயே அதை மதிப்பிட வேண்டும்.

அப்படி மதிப்பிட்டால் கிடைப்பது இதுதான். அதில் வேகமான கைப்பேசி இணையமான 3ஜி இல்லை. வைஃபை இல்லாத இடங்களில் எட்ஜ் என்ற பழைய, மெதுவான தொழில்நுட்பத்தின் வேகத்தில்தான் இணையம். ஜிபிஎஸ் இல்லை. 2 மெகாபிக்சல் கேமரா இருந்தது, ஆனால் அதில் காணொளி எடுக்க முடியாது. எடுத்த படத்தை எம்எம்எஸ் (படச்செய்தி) ஆக அனுப்பவும் முடியாது. வந்த குறுஞ்செய்தியை மற்றொருவருக்கு அப்படியே அனுப்ப வழியில்லை. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வசதி 2008 ஜனவரியில் வந்த மென்பொருள் மேம்படுத்தலில்தான் கிடைத்தது. பெயர்ப்பட்டியலில் ஒரு பெயரைத் தட்டச்சு செய்து தேடும் வசதி 2008 ஜூலையிலும், எழுத்தை நகலெடுத்து ஒட்டும் வசதி 2009 ஜூனிலும்தான் வந்தன. அதே 2007இல் விற்பனைக்கு வந்த நோக்கியா என்95 பேசியில் 3ஜி, ஜிபிஎஸ், 5 மெகாபிக்சல் கேமரா, காணொளிப் பதிவு, மெமரி கார்டு, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி ஆகிய அனைத்தும் இருந்தன. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த ஐபோன் ஒரு நல்ல காட்சிப்பொருள். அன்றாடக் கைப்பேசி அன்று.

நுனிவிரல் எழுதியது:

நண்பரே, உங்கள் பட்டியலில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, கை தேடிப் போவது வேறு.

அதே காலத்தில் என்னிடம் இருந்த விசைப் பேசியிலும் (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை இருந்தன. அதில் உலாவியைத் திறந்தால், எந்த இணைப்பின் வழியே போகட்டும் என்று முதலில் ஒரு பட்டியலைக் காட்டும். ஒவ்வொரு முறையும் காட்டும். அதைக் கடந்தால் அம்புக்குறியை விசையால் நகர்த்தி நகர்த்தி, பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் இணைப்பை அடைய வேண்டும். வாங்கிய முதல் வாரம் ஆசையாகச் செய்தேன். இரண்டாம் மாதத்தில் அந்தப் பேசியில் இணையம் இருப்பதையே மறந்துவிட்டேன். ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான்; அது வானத்தைப் பார்த்துச் செயற்கைக்கோள்களைப் பிடித்து முடிப்பதற்குள் நான் வழியில் இரண்டு பேரிடம் கேட்டுப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம், 320க்கு 480 புள்ளிகள். கணினிக்காக எழுதப்பட்ட பக்கமே அதில் முழுதாக வரும். படிக்க வேண்டிய பத்தியின் மேல் இருமுறை தட்டினால் அந்தப் பத்தி மட்டும் திரையின் அகலத்துக்கு விரிந்து நிற்கும். இதை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மின்னஞ்சலில் ஒரு தொலைபேசி எண் வந்தால் அதன் மேல் தட்டினாலே அழைக்கலாம் என்பதால், எண்களைப் பொறுத்தவரை நகலெடுத்து ஒட்டும் தேவையே குறைந்தது. ஒரு கருவியில் நூறு வசதிகள் இருந்து நாளொன்றுக்கு ஆறை மட்டும் பயன்படுத்துகிறேன் என்றால், அன்றாடம் என்ற சொல்லுக்குப் பொருள் அந்த ஆறுதான்.

விசைமணி எழுதியது:

அந்த ஆறு எவை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 2007இல் பெரும்பாலானோர் கைப்பேசியை எடுத்தது பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும்தான். எண் விசைகளில் செய்தி அடித்துப் பழகிய கட்டைவிரலுக்குக் கண் தேவையில்லை. கூட்டத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே, மேசைக்கு அடியில் ஒரு கையால், திரையைப் பாராமல் ஒரு வரியை அடித்து அனுப்பியவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர் இருப்பார்கள். 2 என்ற விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் வீட்டுக்கு அழைப்பு போகும். அதற்கும் கண் வேண்டாம். கண்ணாடிப் பரப்பில் இவை எதுவும் நடவாது, ஏனென்றால் அங்கே விசை என்பது வெறும் படம். விரல் அதன்மேல் இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

எண்ணைத் தட்டினால் அழைப்பு போகும் என்றீர்கள், சரி. குறுஞ்செய்தியில் ஒரு முகவரியோ நீளமான கடவுச்சொல்லோ வந்தால் என்ன செய்வது? ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து வேறொரு பெட்டியில் அடிக்க வேண்டும். பையில் பேனாவும் தாளும் வைத்திருக்கச் சொல்லும் கைப்பேசியை நான் எப்படிப் பாராட்டுவது?

அழுத்தத்திரை எழுதியது:

இருவரும் ஒரே ஒரு மாதிரியைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். தொடக்க காலத் தொடுதிரை என்று பலருடைய கைக்கு உண்மையில் வந்து சேர்ந்தது வேறு வகை. 1994இல் வந்த ஐபிஎம் சைமன் என்ற தொடுதிரைக் கைப்பேசியை வரலாற்றுக்காகச் சொல்லி விட்டுவிடலாம். அது அரைக் கிலோ எடை, தொடர்ந்து பேசினால் ஒரு மணி நேரத்தில் பேட்டரி தீரும். நான் சொல்வது ரெசிஸ்டிவ் திரைகளை. அதில் மின்சாரம் கடத்தும் இரண்டு மெல்லிய படலங்கள் நடுவே சிறு இடைவெளியுடன் இருக்கும். மேலே அழுத்தினால் இரண்டும் ஒட்டி, எந்த இடத்தில் ஒட்டின என்பதைப் பேசி கணக்கிடும். ஆகவே நகம், எழுத்தாணி, கையுறை அணிந்த விரல் என எதனாலும் அதை இயக்கலாம். ஐபோனில் இருந்தது கெபாசிட்டிவ் திரை; அது கண்ணாடிக்குக் கீழே உள்ள மின்புலத்தை விரல் கலைப்பதை உணர்கிறது. வருடினாலே போதும், இரண்டு விரல்களையும் ஒரே நேரத்தில் அறியும், ஆனால் கையுறை அணிந்தால் ஒன்றும் நடவாது, விரல் ஈரமாக இருந்தால் குழம்பும்.

நான் மூன்று ஆண்டுகள் ரெசிஸ்டிவ் பேசி ஒன்றை வைத்திருந்தேன். விரலின் சதையால் அழுத்தினால் அது பாதி நேரம் கேளாது. நகத்தின் நுனியால் அழுத்தினால் உடனே கேட்கும். அதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தைச் சற்று வளர்த்து வைத்திருந்தேன். ஓராண்டில் திரையின் கீழ்ப்பகுதியில், இடைவெளி விசை வரும் இடத்தில், பிறை வடிவக் கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அந்த இடம் மட்டும் பால் படிந்தாற்போல் மங்கிப்போனது. பேசி அணைந்திருக்கும்போது சாய்த்துப் பார்த்தால், நான் எந்த எழுத்தை அதிகம் அடிக்கிறேன் என்பது தெரியும்.

தொடுதிரைக்காகவே எழுதப்படாத மென்பொருளின் மேல் தொடுதல் ஒட்டவைக்கப்பட்டதும் ஒரு குறைதான். 2008இல் அறிவிக்கப்பட்ட நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக்கில், படக்குறியை ஒருமுறை தட்டினால் திறக்கும். பட்டியலில் உள்ள வரியையோ முதல் தட்டில் தேர்ந்தெடுத்து, இரண்டாம் தட்டில்தான் திறக்க முடியும். விசைப் பேசியில் நகர்த்துவதும் அழுத்துவதும் தனித்தனிச் செயல்களாக இருந்ததன் எச்சம் அது. அந்தப் பேசியின் மற்ற தகுதிகள் (ஜிபிஎஸ், 3ஜி, 3.2 மெகாபிக்சல் கேமரா, 109 கிராம் எடை) விசைமணியின் பட்டியலில் முழு மதிப்பெண் பெறும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒன்றா இரண்டா என்று விரல் தயங்கும்.

நுனிவிரல் எழுதியது:

அழுத்தத்திரை அவர்கள் எனக்காகவே வாதாடியதுபோல் இருக்கிறது, நன்றி. அந்தத் தயக்கம்தான் அன்றாடத்தைக் கெடுப்பது.

கண்ணாடியில் விசை வெறும் படம் என்று விசைமணி எழுதினார். ஐபோனின் விசைப்பலகையைச் செய்தவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது. விரல் எழுத்தை மறைத்துவிடும் என்பதால், தொட்ட எழுத்து விரலுக்கு மேலே பெரிதாக எழுந்து நிற்கும். எழுத்து பதிவது விரல் படும்போது அன்று, எடுக்கும்போது. ஆகவே தவறான எழுத்தில் இறங்கிய விரலை எடுக்காமல் பக்கத்து எழுத்துக்கு இழுத்துச் சென்று அங்கே விடலாம். ஒரு சொல்லில் அடுத்து வரக்கூடிய எழுத்து எது என்று ஊகித்து, அதன் தொடுபரப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மென்பொருள் விரித்துக்கொள்ளும். முதல் வாரம் தட்டுத்தடுமாறினேன் என்பது உண்மை. பிறகு இரண்டு கட்டைவிரல்களும் என் எண்விசை வேகத்தைத் தாண்டிப் போயின.

பேசும்போது காதருகே கொண்டுபோனால் திரை தானே அணைந்து, கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படாமல் காத்ததையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

விசைமணி எழுதியது:

விசைப்பலகையைப் பற்றி நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாராமல் அடிப்பதைப் பற்றிய பாதி அப்படியே நிற்கிறது.

பேட்டரிக்கு வருவோம். எட்டு மணி நேரம் பேசலாம், ஆறு மணி நேரம் இணையம் பார்க்கலாம் என்று ஆப்பிள் அறிவித்தது. அந்தக் காலத்துக்கு அது குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்95 வைத்திருந்தவர் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தாலும் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மாற்றி அரை நிமிடத்தில் பேச்சைத் தொடர்ந்தார். முதல் ஐபோனின் பேட்டரியோ உள்ளே மின்சுற்றுப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. ஹெட்போன் துளைகூட உடலுக்குள் பள்ளமாக அமைக்கப்பட்டிருந்ததால், கழுத்து தடித்த செருகிகள் அதற்குள் இறங்காமல் தனியாக ஓர் இணைப்புத் துண்டு தேவைப்பட்டது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஹெட்போனை ஏற்றுக்கொள்ளாத பாட்டுப்பெட்டி அது.

தடவிப்பார் எழுதியது:

இந்த விவாதத்தில் ஒருவரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. விசைப் பேசிகளில் 5 என்ற விசையின் மேல் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதைத் தடவிப் பார்த்தால் மற்ற எல்லா விசைகளின் இடமும் கைக்குத் தெரிந்துவிடும். சிம்பியன் இயங்குதளம் கொண்ட பேசிகளில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்ஸ் என்ற திரைவாசிப்பானை நிறுவி, குறுஞ்செய்தி, பெயர்ப்பட்டியல், கடிகாரம் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். முதல் ஐபோனை நான் அவர் கையில் கொடுத்தபோது, மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார், கீழே இருந்த ஒற்றைப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, “மற்றதெல்லாம் எங்கே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. திரையில் விரல் படும் இடத்தைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் பேசியோடுதான் வந்தது. அதற்குப் பிறகு அவர் தொடுதிரைக்கு மாறியதோடு, விசைப் பேசியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனவே அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்ததா என்று கேட்பவர்கள், யாருடைய அன்றாடம், எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நுனிவிரல் எழுதியது:

தடவிப்பார் அவர்களுக்கு என்னிடம் மறுமொழி இல்லை; 2007இல் உங்கள் அண்ணனுக்கு அது பயன்படாத பொருள்தான். நான் எழுதியது முழுவதும் பார்வையுள்ள, இரண்டு கைகளும் ஓய்வாக இருக்கும் ஒருவரின் அன்றாடம் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

விசைமணி அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஐபோன், விசைப் பேசி இரண்டையும் ஒரே காலத்தில் வைத்திருந்ததாக முன்பு ஒரு முறை எழுதியிருந்தீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பிப் பாதி வழியில், இரண்டில் ஒன்றை மறந்துவிட்டது தெரிந்தால், எதற்காகத் திரும்பிப் போவீர்கள்?

விசைமணி எழுதியது:

நேர்மையாகச் சொல்வதென்றால், முதல் எட்டு மாதங்களில் இருமுறை விசைப் பேசிக்காகத் திரும்பியிருக்கிறேன். ஐபோனுக்காக ஒருமுறையும் இல்லை. எல்லோரிடமும் நான் கொடுத்திருந்தது விசைப் பேசியின் எண்ணைத்தான்.

2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் வந்து, வெளியார் எழுதிய செயலிகளையும் நிறுவத் தொடங்கிய பிறகு ஒரு நாள், விசைப் பேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது எனக்கு மாலையில்தான் தெரிந்தது. பகல் முழுவதும் ஐபோனில் எதையோ படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது நான்கு அழைப்புகள் தவறியிருந்தன. அவற்றுள் இரண்டு என் மேலாளருடையவை.