அரை இனிப்புச் சிவப்பு ஒயினில் சர்க்கரை சேர்க்கிறார்களா?

கொடிமுந்திரி கேட்டது:
ஜார்ஜியா நாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் எனக்குக் கிண்ட்ஸ்மராவுலி என்னும் ஒயின் புட்டி ஒன்றைக் கொடுத்தார். அதன் மேல்தாளில் மண் தாழியின் படமும் ‘அரை இனிப்பு’ என்ற குறிப்பும் உள்ளன. இனிப்புக்காகச் சர்க்கரை கலக்கிறார்களா? எண்ணாயிரம் ஆண்டுப் பழமை என்று அவர் சொன்ன தாழி முறையில்தான் இதுவும் உருவாகிறதா?

புளிப்பறிந்தவன் எழுதியது:
சர்க்கரை கலப்பதில்லை. பழச்சாற்றில் உள்ள இனிப்பை ஈஸ்ட் தின்று சாராயமாக மாற்றிக்கொண்டிருக்கும்போதே அதைப் பாதியில் நிறுத்திவிடுவதுதான் இதன் சூட்சுமம். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீதச் சாராயம் உண்டாகும் என்பது பொதுக் கணக்கு. லிட்டருக்கு 240 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுவதும் நொதித்தால் 14 சதவீதம் வரும். 40 கிராம் மிச்சமிருக்கும்போது நிறுத்தினால் 12 சதவீதத்திற்குச் சற்றுக் கீழே நிற்கும். உங்கள் புட்டியில் சாராய அளவைப் பாருங்கள், கணக்கு விளங்கும்.

கிண்ட்ஸ்மராவுலி, காகெத்திப் பகுதியில் உள்ள க்வாரெலி வட்டாரத்தில் விளையும் சபெராவி திராட்சையிலிருந்து வருவது. பெரும்பாலான கருந்திராட்சைகளுக்குத் தோலில் மட்டுமே நிறம் இருக்கும். சபெராவியைப் பிதுக்கினால் சதையும் சிவந்தே இருக்கும். அதன் புளிப்பும் கூர்மையானது என்பதால், எஞ்சிய இனிப்பு நாக்கில் திகட்டாமல் நிற்கிறது.

பழமையைப் பொறுத்தவரை, தலைநகர் திபிலீசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா, ஷுலவேரிஸ் கோரா என்னும் மேடுகளில் கிடைத்த, கி.மு. 6000-ஐ ஒட்டிய பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் படிவுகள் இருந்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மரானிவாசி எழுதியது:
மேலே சொன்னது சரியே, ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை வரவில்லை. ‘க்வெவ்ரி’ எனப்படும் அந்தத் தாழியை, உட்புறம் தேன்மெழுகு பூசிக் கழுத்துவரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். ‘மரானி’ என்னும் ஒயின் அறைக்குள் நான் சென்றபோது தரையில் வட்ட வாய்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. காகெத்தி வழக்கப்படி சாறு, தோல், விதை, காம்பு எல்லாமே உள்ளே போகும். மேலே மிதந்து எழும் தோலை ஒரு நாளில் பலமுறை கோலால் அமுக்குவார்கள். நொதித்தல் அடங்கியபின் வாயை மூடி மண்ணிட்டு வசந்தகாலம்வரை விட்டுவிடுவார்கள். அவ்வளவு காலமும் ஈஸ்ட்டோடு கிடக்கும் ஒயினில் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துபோகும். ஆகவே 2013-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக ஏற்ற தாழி ஒயின் பொதுவாக இனிப்பற்றது. உங்கள் புட்டியில் உள்ளதோ, பெரும்பாலும் குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் நொதித்தலை நிறுத்தி, ஈஸ்ட்டை வடிகட்டி எடுத்தது.

இதனால் அரை இனிப்பே புதுச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். மேற்கே ராச்சா மலைப்பகுதியில் அலெக்ஸாந்த்ரவுலி, முஜுரெதுலி என்னும் திராட்சைகளைத் தாமதமாகப் பறிப்பார்கள். நொதித்தல் முடியுமுன் குளிர் வந்து ஈஸ்ட்டை உறங்கவைத்துவிடும். அம்ப்ரோலவுரி ஊர்ப் பக்கத்து ஹ்வான்ச்காரா என்னும் அரை இனிப்பு ஒயினுக்கு அந்த இனிப்பு அப்படித்தான் வாய்த்தது. வெயில் வந்ததும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும் என்பதே அக்காலத்துத் தொல்லை. நானே ஒரு வீட்டு ஒயினைப் புட்டியில் கோடைவரை வைத்திருந்து, ஒரு மதியம் தக்கை தெறித்துச் சுவரெல்லாம் சிவந்ததைக் கண்டவன்.

கொடிமுந்திரி எழுதியது:
இருவருக்கும் நன்றி. மேல்தாளை மீண்டும் படித்தேன். சாராயம் 11.5 சதவீதம் என்று இருக்கிறது. தாழியின் படம் பெரிதாக உள்ளதே தவிர, க்வெவ்ரி என்ற சொல் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை.